காலுறைக்குள் ஒரு புறா

சாளை மீன் வைக்க இடம் தேடித்தான் அந்த ஃப்ரீசரைத் திறந்தேன். பீட்டர்பரோ தமிழ்க் கடையில் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கிவரும் மீனும் தேங்காய்த் துருவலும் எங்கள் சின்னப் பெட்டியில் அடங்கவில்லை. "கராஜில் பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது, இடமிருந்தால் வைத்துக்கொள்" என்று வீட்டுக்காரப் பெரியவர் சொல்லியிருந்தார். மூடியைத் தூக்கினேன். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் தாள் பிரிந்து, உள்ளே நைலான் காலுறை தெரிந்தது. பெண்கள் குளிருக்குப் போடும் மெல்லிய, நீளமான காலுறை. அதற்குள் ஒரு புறா. அலகு விரல்பக்கம், வால் முட்டிப்பக்கம். ஓர் இறகுகூடக் கலையவில்லை. கழுத்தின் வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது.

நான் செவிலி. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 2022இல் வேலைக்காக இங்கிலாந்து வந்தவள். லிங்கன்ஷயரில், பாஸ்டன் நகரத்துக்குச் சற்றுத் தள்ளி, எழுபது வயது கடந்த ஒரு பெரியவரின் வீட்டு ஒட்டுப்பகுதியில் மகளோடு குடியிருக்கிறேன். இறந்த உடலைப் பார்த்து மிரளும் தொழில் இல்லை என்னுடையது. ஆனாலும் அன்று மூடியைச் சாத்திவிட்டு, மீன் பையோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். இவ்வளவு பக்குவமாக, ஒரு சடலத்தை அடக்கம் செய்வதுபோல, யார் ஒரு புறாவைச் சுற்றி வைப்பார்கள்? எதற்கு?

சாயங்காலம் அம்மா போனில் வந்தபோது சொன்னேன். "ஏட்டி, செத்த புறாவயா வச்சிருக்காரு? அந்தப் பெட்டிக்குள்ளயா நீ மீனு வைக்கப் போன?" என்று பதறிவிட்டாள்.

மறுநாள் பெரியவர் காரணம் சொன்னார். அந்தப் புறாக்கள் உணவுக்கு அல்ல. வயலில் வைத்து மற்ற புறாக்களை இறக்குவதற்கு.

இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: பார்வை. ஒரு விலங்கைக் காட்டி அதன் இனத்தைப் பிடித்தால், காட்டப்படும் விலங்கின் பெயர் பார்வை. புறநானூற்றின் 320ஆம் பாடலில் ஒரு வேடன் வீட்டில் பார்வை மான் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் கௌதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய்ப் புதரோரம் வைப்பார்கள். அது கத்தும். காட்டுக் கௌதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் மாட்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது இன்று குற்றம். நம்முடையது உயிருள்ள பார்வை. பெரியவருடையது இறந்த பார்வை.

இங்கே பிரச்சினை மரப்புறா. நம் கோயில் கோபுரங்களில் வாழும் மாடப்புறாவைவிடப் பெரியது. அரைக்கிலோ எடை இருக்கும். வளர்ந்த பறவைக்குக் கழுத்தின் இருபுறமும் வெள்ளைத் திட்டு. சிறகை விரித்தால் குறுக்கே பளிச்சென்று வெள்ளைப் பட்டை. பிரிட்டனில் சுமார் 50 லட்சம் இணைகள் இருப்பதாகக் கணக்கு. இங்கே குளிர்காலத்தில் பச்சையாக நிற்கும் பயிர்களில் முக்கியமானது ஆயில்சீட் ரேப். கடுகுக்கு உறவு, கனோலா எண்ணெய் தரும் பயிரும் இந்தக் குடும்பம்தான். பனிக்காலத்தில் வேறு தீனி இல்லாதபோது மரப்புறாக்கள் நூற்றுக்கணக்கில் இதில் இறங்கி, இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி கொத்தித் தின்றுவிடும். வசந்தத்தில் பட்டாணி விதைத்தால் அங்கேயும் வரும். முட்டைக்கோஸையும் விடாது. எங்கள் பெரியவர் விவசாயி அல்ல, ஓய்வுபெற்ற மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் நாலைந்து விவசாயிகள் கூப்பிட்டால் துப்பாக்கியோடு போய்வருவார்.

புறாவைச் சேமிக்கும் வேலையை அவர் செய்ய ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுட்டு வீழ்த்தியதில் எல்லாமே பார்வைக்கு ஆகாது. இரத்தம் படாத, இறகு கிழியாத, கழுத்தில் வெள்ளை நன்றாக விழுந்த வளர்ந்த பறவை வேண்டும். இளம் பறவைக்கு அந்த வெள்ளை இருக்காது. உடல் விறைப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்றார். விறைத்தபின் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைதான். மருத்துவமனையில் இறந்தவரின் கண்ணையும் வாயையும் விறைப்பதற்கு முன்னால் மூடிவிடுகிறோமே, அதே காரணம்.

முதலில் தொண்டைப் பையை அழுத்திக் காலி செய்தார். இலைக்கூழ் பச்சைப் பந்தாக வெளியே வந்தது. அதை விட்டால் அங்கிருந்துதான் முதலில் அழுகுமாம். அலகுக்குள் சிறு பஞ்சு வைத்தார், நீர் கசிந்து மார்பு இறகை நனைக்காமல் இருக்க. ஈரத்துணியால் ஒற்றினார். சிறகுகளை உடம்போடு சேர்த்து மடித்து, கழுத்தை மேய்கிற புறாவின் வளைவுக்குக் கொண்டுவந்தார். பிறகு காலுறை. தலை முதலில் போக வேண்டும். வாலிலிருந்து நுழைத்தால் இறகு எதிர்த்திசையில் மடிந்து கலைந்துவிடும். மரப்புறாவின் இறகு இலேசில் உதிரும் இறகு. பருந்தின் நகத்தில் இறகை விட்டுவிட்டுத் தப்பிக்க இயற்கை கொடுத்த வசதி அது. செத்த பிறகும் அப்படியே உதிரும். அதனால்தான் காலுறை. இறுக்கிப் பிடிக்காமலும் நெகிழ விடாமலும் எல்லா இறகையும் ஒரே திசையில் படிய வைக்க அதைவிட நல்லது எதுவும் அகப்படவில்லை என்றார். அவர் மனைவி இருந்தவரை அவருடைய பழைய காலுறைகள் பயன்பட்டன. இப்போது கடையில் வாங்குகிறார். அதைச் சொன்னபோது அவர் குரல் சற்றுத் தணிந்தது. நான் மேலே கேட்கவில்லை.

காலுறைக்கு மேல் செய்தித்தாள், அதன்மேல் பாலிதீன், தேதி எழுதிய ஒட்டுத்தாள். மல்லாக்க வைத்துத்தான் உறைய விடுவார், அப்போதுதான் மார்பு தட்டையாகாது. ஒரு பறவை இரண்டு மூன்று முறை வயலுக்குப் போய்வரும். வெயில் நாளில் மதியத்துக்குள் பனி உருகி இறகு நனைந்து கறுத்துவிடும், நீல ஈ மொய்க்கும். நனைந்து கறுத்த பறவையின் அருகே எந்தப் புறாவும் இறங்காது. குளிர்காலத்தில் நாள் முழுக்கத் தாங்கும்.

பிளாஸ்டிக் பொம்மைப் புறாக்கள் கடையில் கிடைக்கின்றனவே என்று கேட்டேன். இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிளாஸ்டிக்கில் வெயில் பட்டதும் ஒரு மினுக்கம். உண்மை இறகில் அந்த மினுக்கம் இல்லை. திராட்சைப் பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பூச்சு போன்ற ஒரு மென்மை இருந்தது. மனிதக் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். உயரத்திலிருந்து தன் இனத்தைத் தேடிவரும் கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

பிப்ரவரியில் ஒரு விடுமுறை நாளில் அவரோடு வயலுக்குப் போனேன். லிங்கன்ஷயர் ஃபென் நிலம் பலகை மாதிரித் தட்டை. சதுப்பை வடித்துச் செய்த கறுப்பு மண், நேர்கோட்டில் வெட்டிய வாய்க்கால்கள். வாய்க்கால் கரையில் வலை கட்டி மறைவிடம் செய்தார். அங்கிருந்து இருபத்தைந்து எட்டு தள்ளி, உறைந்த புறாக்களை ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாவற்றின் முகமும் ஏறக்குறையக் காற்றை நோக்கி. பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்து நின்றுதான் மேயும். பின்னாலிருந்து காற்று அடித்தால் இறகு விரிந்துகொள்ளும். தொங்கும் தலைகளுக்குத் தாடையின் கீழ் சிறு குச்சி முட்டுக் கொடுத்தார். லாடம் போன்ற வளைவில் பறவைகள், நடுவில் வெற்றிடம். வருகிற புறா அந்த வெற்றிடத்தில் இறங்கப் பார்க்கும். உதிர்ந்து கிடந்த இறகுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். இறகு சிதறிக் கிடந்தால் அது கொலை நடந்த இடம், புறாவுக்கு அது தெரியும் என்றார்.

முதல் புறா கூட்டத்தைப் பார்த்தது, வளைந்தது, சிறகை விரித்துத் தாழ்ந்தது. துப்பாக்கி வெடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பெரியவர் மறைவிடத்தில் இல்லை. வலையைத் தள்ளிக்கொண்டு, அந்த வயதில், வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். விழுந்த புறா மல்லாந்து, ஒரு சிறகு விரிந்தபடி கிடந்தது. அதைக் கவிழ்த்து, சிறகை மடித்து, முகத்தைக் காற்றுக்குத் திருப்பிவிட்டுத்தான் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "மடக்காத சிறகு ஒன்று கிடந்தால் போதும், இன்று முழுக்க ஒன்றும் வராது."

அந்தச் சொல்லில்தான் எனக்குத் தாத்தாவின் கடலைக்காடு ஞாபகம் வந்தது.

நிலக்கடலை விதைத்த மறுநாளே காகங்கள் வந்துவிடும். விதையைத் தோண்டித் தின்னும். தாத்தா எங்கிருந்தோ செத்த காகம் ஒன்றைக் கொண்டுவந்து மூங்கில் கம்பில் கட்டி, காட்டின் நடுவில் நட்டுவிடுவார். காகங்கள் கூட்டமாக வரும், அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தும், பிறகு போய்விடும். மாடியில் கூழ்வற்றல் காயும்போது பாட்டி கறுப்புத் துணியைக் கட்டி வைப்பாள். அதுவும் காகப் பிணத்தின் சாயல்தான். எங்களுக்கு இறந்த பறவை என்றால் விரட்டும் பொருள். இங்கே இறந்த பறவை அழைக்கும் பொருள். ஒரே பிணம் இரண்டு வேலையையும் எப்படிச் செய்யும்?

விடை பெரியவர் ஓடிய ஓட்டத்தில் இருந்தது. பிறகு படித்துப் பார்த்தபோது இதையே ஆராய்ந்தவர்கள் இருப்பது தெரிந்தது. இங்லிஸ், ஐசக்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறந்த மரப்புறாக்களைப் பல நிலைகளில் வயலில் வைத்துச் சோதித்து, 1984இல் முடிவை வெளியிட்டார்கள். சிறகு மூடிய புறாவின் பக்கம் மற்றவை இறங்கின. சிறகை விரித்து வெள்ளைப் பட்டை தெரியும்படி வைத்தவற்றைக் கண்டு ஒதுங்கின. மரப்புறா பயந்து எழும்போது அந்த வெள்ளைப் பட்டைதான் பளிச்சிடுகிறது. வெள்ளை தெரிந்தால் ஆபத்து, மறைந்திருந்தால் அமைதி. உயிர் இருக்கிறதா என்பதைப் பறவை கேட்பதில்லை. உடல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. அப்படியானால் அந்த ஃப்ரீசரும் காலுறையும் பஞ்சும் காப்பாற்றி வைப்பது இறைச்சியை அல்ல. ஒரு நிலையை, பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு நொடியை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பொட்டலங்களைப் பார்க்கும்போது என் மனம் கனக்கிறது. அந்த அறிவின் நுட்பத்தை வியக்கவும் செய்கிறேன். இரண்டுமே உண்மை.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் சுழலும் இயந்திரம் ஒன்றின் இரு கைகளிலும் சிறகு விரித்த புறாக்களை மாட்டிவிடுவார்கள். சுற்றும்போது அது இறங்குகிற புறாவாகத் தெரியும், தொலைவிலுள்ளவை திரும்பும். பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டால் அதே சிறகு விரட்டத் தொடங்கும் என்கிறார் பெரியவர். அடிக்கடி பயன்படுத்திய வயல்களில் சுழலும்போதே மிரள்கின்றனவாம். புறாக்களும் கற்றுக்கொள்கின்றன.

பார்வைப் பறவையைச் சேமித்து வைப்பது துப்பாக்கிக்கும் மின்சாரத்துக்கும் மிக முந்தியது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகை என்று ஒன்று. 1924இல் ஹாரிங்டன், லௌட் என்ற இருவர் அங்கே அகழ்ந்தபோது, ஒரு சேமிப்புக் குழியின் அடிப்பாகத்துக்குக் கீழே மறைத்து வைத்திருந்த 11 வாத்துப் பொம்மைகள் கிடைத்தன. சதுப்புக் கோரையைக் கட்டிச் செய்த உடல். சிலவற்றில் வண்ணம் தீட்டி, உண்மையான இறகுகளையே செருகியிருந்தார்கள். கேன்வாஸ்பேக் என்ற வாத்தின் உருவம். வயது ஏறக்குறைய 2000 ஆண்டுகள். நம் சங்க காலம் அது. யாரோ ஒருவர் அடுத்த பருவத்துக்கு வேண்டும் என்று பத்திரமாக மூடி வைத்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அந்தப் பகுதியின் பையூட் மக்கள் பிற்காலத்திலும் கோரை உடலின்மேல் வாத்தின் முழுத் தோலையே போர்த்திப் பார்வை செய்தார்கள். குகை வறண்டது, காற்று வறண்டது. அதனால் இறகுகூடக் கெடவில்லை. பெரியவரின் ஃப்ரீசர் செய்யும் வேலையை அங்கே பாலைவனம் செய்தது.

உயிருள்ள பார்வைக்கு ஒரு கொடுமையான வரலாறும் உண்டு. அமெரிக்காவின் பயணிப் புறாக்களைப் பிடித்தவர்கள் ஒரு புறாவின் கண்ணிமைகளைத் தைத்து, ஏறி இறங்கும் சிறு கட்டையில் கட்டி வைப்பார்கள். கட்டை தாழும்போது அது சிறகடிக்கும், மேலே பறக்கும் கூட்டம் இறங்கும், வலை விழும். கோடிக்கணக்கில் இருந்த அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா, 1914 செப்டம்பர் 1இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிவைத்த, குருடாக்கிய, காயப்படுத்திய உயிர்ப் பறவையைப் பார்வையாக வைப்பதைத் தடைசெய்கிறது. இறந்த பறவைக்குத் தடையில்லை. இந்த ஒன்றில் எனக்கு நிம்மதி.

சேமிப்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பெரியவரோடு சண்டை போட்டேன். கோடைக்காகச் சில புறாக்களுக்கு ஊசியில் ஃபார்மலின் ஏற்றி, கராஜ் அலமாரியில் காயவைத்திருந்தார். கதவைத் திறந்ததுமே வாசனை என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவை நாங்கள் பரிசோதனைக்கு அனுப்பும் சீசாவின் வாசனை. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. ஜன்னல் இல்லாத அறையில், கையுறையில்லாமல், எழுபது வயதில் அதோடு புழங்குவதா? ஒரு வாரம் பேசிப் பேசி நிறுத்த வைத்தேன். ஃபார்மலின் ஏற்றிய பறவையை நரியோ காகமோ இழுத்துப் போனால் அதன் கதி என்ன என்று கேட்டதுதான் அவரை அசைத்தது.

நோய் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 இலையுதிர் காலத்தில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் பிரிட்டன் அதுவரை கண்டதில் மிகப்பெரியது. அந்த வைரஸ் குளிரில் சாகாது. உறைநிலையில் நெடுநாள் தங்கும். புறாக்களுக்கு வாத்துகளைப்போல அது எளிதில் தொற்றுவதில்லை என்றாலும், தொண்டையில் வரும் டிரைக்கோமோனாஸ் நோயும் சால்மொனெல்லாவும் அவற்றிடம் உண்டு. தானாகச் செத்துக் கிடக்கும் பறவையைப் பெரியவர் தொடவே மாட்டார். இப்போது கையுறை போடுகிறார். என் மீனுக்குத் தனியாகச் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். சாப்பாடும் பார்வையும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. அம்மா பதறியது சரிதான்.

சுடுவதில் எனக்கு உடன்பாடு உண்டா என்று மகள் கேட்டாள். இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் தின்று தீர்த்த வயலைப் பார்த்தவள் என்பதால் விவசாயியின் வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிகிறது. இங்கே மரப்புறாவை விளையாட்டுக்காகச் சுட முடியாது. பயிருக்குக் கடுமையான சேதத்தைத் தடுக்க மட்டும், அரசின் பொது உரிமத்தின்கீழ்தான் சுடலாம். 2019 ஏப்ரலில் ஒரு வனவுயிர் அமைப்பின் சட்டச் சவாலுக்குப் பிறகு பழைய உரிமங்கள் ரத்தாகி, நிபந்தனைகளோடு புதியவை வந்தன. இதைவிட முக்கியமான ஒன்றை ஆர். கே. மர்ட்டன் என்ற பறவையியலாளர் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்ட்டன் கிராமத்தில் மரப்புறாக்களை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர் அவர். எத்தனை புறா பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது துப்பாக்கி அல்ல, குளிர்காலத் தீனி என்று கண்டார். பார்வை வைத்துக் குளிர்காலத்தில் சுட்டவை, பெரும்பாலும் எப்படியும் பசியில் சாக இருந்தவற்றுக்கு ஈடு. அந்த வயலை அன்றைக்குக் காப்பாற்றலாம். இனத்தின் எண்ணிக்கை குறையாது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை. "அந்த வயலைக் காப்பாற்றத்தானே கூப்பிடுகிறார்கள்" என்றார்.

அப்படியென்றால் விரட்டவே கூடாதா, விரித்த சிறகை வைத்து? வைக்கலாம். சில நாளில் புறாக்கள் பழகிவிடும் என்பதுதான் சிக்கல். இடம் மாற்றி மாற்றி, வெடிச்சத்தத்தோடும் பட்டத்தோடும் சேர்த்து வைத்தால் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். இந்த மார்ச்சில் பக்கத்துப் பட்டாணி வயலில் பெரியவர் அதைச் செய்தார். நான் கேட்டதற்காக. ஃப்ரீசரிலிருந்து நான்கு புறாக்களை எடுத்து, காலுறையை வெட்டி, உருகவைத்து, சிறகுகளை விரித்துக் கம்புகளில் கட்டினார்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன்: தாத்தா காகத்தை எப்படிக் கட்டுவார், சிறகை மடித்தா, விரித்தா? அவள் யோசிக்கவே இல்லை. "றெக்கைய விரிச்சுத்தான். ஈர்க்குச்சிய குறுக்க வச்சுக் கட்டுவாரு. மடக்கிக் கட்டுனா காக்கா பயப்படாதுன்னு சொல்லுவாரு."

தாத்தா இறந்து பதினாறு வருடம் ஆகிறது. அவர் அறிந்திருந்ததை நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஊரில் கடலைக்காட்டிலோ சோளக்காட்டிலோ செத்த பறவையைக் கட்டும் வழக்கம் இருந்தால், எந்தப் பறவை, எந்தப் பயிர், சிறகை எப்படிக் கட்டினார்கள், எத்தனை நாள் பலித்தது என்று கட்டியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.